கழுத்தளவு பதினைஞ்சரை

காக்கிச் சட்டை ஒண்டு.
தோளில நட்சத்திரம் தைச்சால் இன்ஸ்பெக்டர்,
பிடுங்கினால் தபால்காரன்,
பொக்கற்றுக்குள்ள சிவப்புத் துணி வைச்சால்
இடைவேளைக்கு முதல் சூடுபட்டுச் சாகிறவன்.
நாற்பது வருசமா இவர் நடிச்சதெல்லாம்
என்ர மெசின் ஊசிக்குக் கீழால போனதுதான்.

நோட்டீசில பேர் எப்பவும் கடைசி வரி:
மற்றும் குலவீரசிங்கம்.
மற்றும் எண்டது இனிசலாக்கும் எண்டு நினைச்சு
ம. குலவீரசிங்கம் எண்டு கடிதம் போட்டவன் ஒருத்தன்,
முள்ளியவளையில இருந்து.

தரகர், சாத்திரி,
கோட்டில சாட்சி சொல்லுற கமக்காரன்,
பதினொரு பிணம்.
பிணமாக் கிடக்கேக்க ஒருக்கா மூக்கில நுளம்பு கடிச்சது.
அசையேல்லை.
அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் திரிஞ்சார்.

இடம்பெயரேக்க
சைக்கிள் கரியரில மெசினைக் கட்டினார்,
உடுப்புப் பெட்டியை விசுவமடுவில விட்டார்.
வட்டுவாகலுக்கு அங்கால
மெசினும் இல்லை, சைக்கிளும் இல்லை.
பிறகு அதை நாடகமாப் போடச் சொல்லி ஆக்கள் வந்து கேட்டினம்.
தேத்தண்ணி குடுத்து அனுப்பினார்.

இப்ப, அறுபத்து நாலு வயசில,
முதல் முதலா இவர்தான் கதாநாயகன்.
பரந்தன் பெடியன் நிரோஜன் எழுதினது.
கிழட்டு மைனர் ஒருத்தன்,
அவனுக்கு மூண்டு பொம்பிளையள்,
பூவரசுக்குக் கீழ மூண்டு சைக்கிள்.
இந்த வயசில இந்த வேசமோ எண்டு மச்சாள் கேட்டா.
பிணத்தை விட நல்லதுதானே எண்டன்.
தலைக்கு மை. ஊதாச் சற்றின் சட்டை.
ரெண்டாவது தெறி வேண்டாம் அக்கா எண்டான் பெடியன்.
தெறி இல்லாமல் விடுறதுக்கும்
காசு வாங்கினன்.

ராத்திரியளில நான்தான் மூண்டு பொம்பிளையளும்.
ஊசிக்கு நூல் கோத்தபடி கொப்பியைப் பாத்து
என்னை ஏமாத்திப்போட்டீர் எண்டு வாசிப்பன்.
வசனம் முழுக்க எனக்கும் பாடம்.

கிளிநொச்சியில கூட்டுறவு மண்டபம்.
நான் மூண்டாவது வரிசை.
ரெண்டாம் காட்சியில நேர்ஸ் வாறா,
தர்மபுரத்து ரீச்சர், டயானி.
பிரசர் பாக்கக் கையில பட்டி சுத்திறா.
இவர் அந்தப் பட்டியின்ர நுனியை
ரெண்டு விரலால பிடிச்சு, கண்ணைப் பாத்து,
"இன்னொருக்காப் பாரும், மூச்சு விட்டிட்டன்."

மண்டபம் விழுந்து விழுந்து சிரிச்சுது.
கொப்பியில அது இல்லை.

எண்பத்தொண்டு. ஒட்டுசுட்டான் சந்தி. ஐயாவின்ர தையல்கடை.
இன்ஸ்பெக்டர் சட்டைக்கு அளவு குடுக்க வந்தவர்.
கழுத்தில நான் சுத்தின நாடாவின்ர நுனியை
இதே ரெண்டு விரலாலதான் பிடிச்சவர்.
சொல்லும் இந்தச் சொல்லுத்தான்.
இன்னொருக்கா அளந்தன்.

பெட்டி துலைஞ்சும் துலையாத ஒரு துணி மாதிரி
அதை நான் மடிச்சு வைச்சிருந்தன்.

மூண்டாம் காட்சியில கைம்பெண்ணுக்கும் அதையே சொன்னார்.
அதுக்கும் கைதட்டு.

எனக்குச் சொன்ன அண்டைக்கும்
ஒத்திகைதான் பாத்தவரோ?

கடைசியில வேர்வையோட மை நெத்திக்கு இறங்க,
ஒரு சைக்கிளும் இல்லாத பூவரசுக்குக் கீழ
பெல் சத்தத்துக்குக் காது குடுத்துக்கொண்டு நிண்டார்.
எனக்குப் பக்கத்தில ஒரு மனிசி மூக்கைச் சிந்தினா.
நான் கொலரைப் பாத்துக்கொண்டிருந்தன்.

ஓட்டோவில வரேக்க, எப்பிடி எண்டு கேட்டார்.
கொலர் இறுகுது எண்டன்.
பேந்து ரெண்டு பேரும் றோட்டைப் பாத்தம்.

சனிக்கிழமை மல்லாவியில அடுத்தது.
விடிய எழும்பி நாடாவை எடுத்தன்.
வந்து நிண்டார், காதோரம் மை அழியாமல்.
கழுத்தைச் சுத்தினன். பதினைஞ்சரை.
அப்ப பதினாலு.
நுனியைப் பிடிக்க விரல் ரெண்டும் எழும்பினது,
பிறகு பேசாமல் இறங்கிச் சாரத்தைப் பிடிச்சுக்கொண்டது.

மூச்சை அடக்கிக்கொண்டு நிண்டார்.
நான் ஆறுதலாத்தான் அளந்தன்.